நின்றபடியே சாப்பிடும் கிளிகோர்

கோயில் மணி பன்னிரண்டு அடித்ததும் கிளிகோர் கையைக் கழுவுவார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். மேஜையில் மருமகள் எடுத்து வைத்திருக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். சோளமாவுக் களியை விரலால் உருட்டி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியில் ஒற்றி வாயில் போட்டபடி, வெளியே கோழிகள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் மேஜை இருக்கும். மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட முப்பத்தோரு வருஷத்தில் அவருக்காக நகர்ந்தது கிடையாது.

யாராவது கேட்டால் ஒரே பதில்தான். "குதிரை நின்னுகிட்டுத்தான் திங்குது. அதுக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"குதிரைக்கு வயித்து வலி வந்தா அன்னிக்கே செத்துப்போகும்டா" என்பார் அடுத்த தெரு பிர்வு. அவருக்கும் கிளிகோருக்கும் ஒரே வயது, எண்பத்து நான்கு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே வந்தவர்கள். இன்னும் இருவரும் திருந்தியபாடில்லை.

கிளிகோர் நெட்டை. வாசலில் குனிந்து குனிந்தே முதுகில் ஒரு வளைவு விழுந்துவிட்டது. காது இரண்டும் பெரியவை. அவை வெறும் அலங்காரத்துக்கு இல்லை. டான்யூப் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மணல் பூமியில் தர்பூசணி போடுகிறவர்களுக்குக் காதுதான் முதல் கருவி. காயை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். "பழுத்திருக்கு." "இன்னும் மூணு நாள்." "இது வீண், ஆட்டுக்குப் போடு." ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று ஊரில் சொல்வார்கள். தப்பிய காய்களை அவர் யார் கண்ணிலும் காட்டாமல் ஆட்டுக்குப் போட்டுவிடுவார் என்பது மருமகள் அவுரிகாவுக்கு மட்டும் தெரியும்.

தட்டுகிற வழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. கதவு, ரொட்டி, பால்வாளி, புதிதாக வந்த பாதிரியாரின் கார், பேத்தியின் தலை, எதையும் தட்டாமல் விடமாட்டார். மகன் கோஸ்தின் வாங்கி வந்த குளிர்சாதனப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமில்ல" என்றார். "பெட்டியப்பா அது. நாமதான் உள்ள வைக்கணும்" என்றான் கோஸ்தின். "அதைத்தான் சொல்றேன்" என்று போய்விட்டார்.

அவுரிகா இந்த வீட்டுக்கு வந்தது ஒரு செப்டம்பர் மாதம், சாயங்காலம், கையில் ஒரு துணிப்பையோடு. பத்தொன்பது வயது. கல்யாணம் இல்லை, மேளதாளம் இல்லை, கோஸ்தினோடு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவந்துவிட்டாள். கோஸ்தினின் அம்மா இலின்கா செத்து அப்போதுதான் நாற்பது நாள் ஆகி, அவள் பேரில் ஊருக்குப் போட்ட தானச் சாப்பாடு முடிந்திருந்தது. துக்க வீட்டுக்குள் இப்படி வந்து நுழைந்தவளை ஊர் சும்மா விடுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் காலை கிளிகோர் அவளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, தொப்பியைத் தூக்கி, "எங்க வீட்டுக்குப் பொண்ணு வந்திருக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. தெரு முனையைத் தொடும்போது பேச்சு பாதி அடங்கியிருந்தது.

மூன்றாம் நாள் அவளுடைய அப்பன் கையில் தடியோடு வந்து நின்றான். கிளிகோர் வாசலிலேயே அவனை மறித்து, தடியை வாங்கி இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். "நல்ல மரம். சாப்பிட்டுட்டு அடிக்கலாம் வா." ஊறுகாய்ப் பீப்பாயிலிருந்து உப்பில் ஊறிய ஒரு சின்னத் தர்பூசணியை எடுத்து வெட்டி வைத்தார், பிளம் சாராயம் ஊற்றினார். இருட்டும்போது சம்பந்திகள் தோள்மேல் கை போட்டுக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தடி இன்றைக்கும் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

அவுரிகாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனபோது பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். பதினோரு நாளும் கிளிகோர் முதல் பஸ்ஸில் சூப்புத் தூக்கைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வந்தார், சூடு ஆறக் கூடாதென்று. அவள் இல்லாத அந்த நாட்களில் எட்டு வயதுப் பேத்திக்கு யார் சடை பின்னுவது? தர்பூசணிக் கொடியை ஒதுக்கிவிடும் விரல்களால் அவரே பழகிக்கொண்டார். வீட்டுக்கு வந்த அவுரிகா மகளின் சடையைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். அவள் பின்னுவதைவிட அது ஒழுங்காக இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர். பெற்ற அப்பனிடம் கிடைக்காதது அவளுக்கு இவரிடம் கிடைத்தது. அதனால்தான் அந்த ஒரு முள் அத்தனை ஆழமாகக் குத்தியது. அவள் முதல்முதலாகச் சமைத்த அன்று, மேஜையில் தட்டை வைத்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். அன்று இரவு கோஸ்தினிடம் கேட்டாள்.

"உங்கப்பா எப்பவும் நின்னுகிட்டுத்தான் சாப்பிடுவாரா?"

"இல்லையே. உக்காந்துதான் சாப்பிடுவாரு. இப்பதான் இப்படி." கோஸ்தின் பாதித் தூக்கத்தில் சொன்ன பதில் அது. அவனுக்கு அடுத்த நாளே மறந்துவிட்டது. அவளுக்கு முப்பத்தோரு வருஷமாக மறக்கவில்லை.

இப்பதான் என்றால் நான் வந்ததிலிருந்துதானே என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். ஓடிவந்தவள் போட்ட சாப்பாட்டைத் தின்னலாம், அவள் மேஜையில் உட்கார மனம் ஒப்பவில்லை போலிருக்கிறது. மற்றதெல்லாம் அவருடைய நல்ல குணம், இது மட்டும் அவருடைய தீர்ப்பு. கல்யாண வீடுகளில் வயிறு சரியில்லை என்று அவர் எதையும் தொடமாட்டார், அதனால் வேறெங்கும் உட்காருகிறாரா என்று பார்க்கவும் வழியில்லை. கேட்டுவிடலாமா என்று நூறு தடவை நினைத்திருப்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை. மாமனார் நிற்கும்போது தான் உட்காருவது முறையில்லை என்று, அவளும் அடுப்போரம் நின்றே தன் பங்கைத் தின்றுவிடுவாள். கோஸ்தின் மட்டும் மகாராஜா மாதிரி நான்கு நாற்காலிக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவான்.

கிளிகோரின் இன்னொரு கிறுக்கு நாற்காலி. பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, செத்தவர்களுக்கான நாள். அன்றைக்கு ஊரெல்லாம் மண்கலயத்தில் செர்ரிப்பழம் நிரப்பி, மெழுகுவத்தி ஏற்றி, அக்கம்பக்கத்துக்குத் தானம் கொடுக்கும். இங்கே கொடுத்தது அங்கே அவர்கள் கைக்குப் போய்ச் சேரும். கிளிகோர் மட்டும் ஒவ்வொரு வருஷமும் இலின்காவின் பெயரைச் சொல்லி ஒரு நாற்காலி கொடுப்பார். ஊரில் பாதிப்பேர் அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். "இலின்கா அங்க என்ன, சினிமாக் கொட்டகையா நடத்துறா?" என்று பிர்வு கேட்டதற்கு அந்த ஒரு தடவைதான் கிளிகோர் சிரிக்கவில்லை.

போன கோடையில், தர்பூசணிக் கடைசி வண்டி போன மறுநாள், ஜன்னலோரம் நின்றபடியே அறிவித்தார்.

"எனக்கு நானே தானம் குடுத்துக்கப்போறேன். உசுரோட இருக்கும்போதே."

இந்தப் பக்கத்தில் அது புதிதில்லை. பிள்ளைகள்மேல் நம்பிக்கை இல்லாத கிழவர்கள் செய்வதுதான். கோஸ்தினுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏன்பா, நாங்க செய்யமாட்டோமா?"

"செய்வீங்க. அழுதுகிட்டு, அவசர அவசரமாச் செய்வீங்க. அவசரத்துல ஒண்ணு விட்டுப்போகும். எனக்குத் தெரியும்."

பிறகு ஆரம்பித்தது கூத்து. கட்டில், மெத்தை, போர்வை, வாளி, குவளை, கரண்டி, கண்ணாடி, சீப்பு, மேஜை என்று அவர் அங்கே குடித்தனம் நடத்த வேண்டிய அத்தனையையும் அவரே தேர்ந்தெடுத்தார், ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து. நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு. அத்தனை நாற்காலிக்கு எங்கே போவது? வழக்கம்போலத் தெருவெல்லாம் இரவல். எந்த நாற்காலி யாருடையது என்று பிற்பாடு சண்டை வராமலிருக்க, ஒவ்வொரு வீட்டுக்காரரும் அடியில் ஒரு வர்ணப் புள்ளி வைத்திருப்பார்கள். கிளிகோர் வீட்டுக்கு நீலம், பக்கத்து வீட்டுத் தூதோராவுக்குச் சிவப்பு. தானத்துக்கு முந்தின மூன்று நாளும் கிழவர் செய்த ஒரே வேலை, வந்து இறங்கிய ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்ததுதான். தூதோரா சுவரோரம் நின்று கத்தினாள். "கிளிகோர் அண்ணே, கோழி முட்டை வச்சிருக்கான்னு பாக்குறீங்களா?" அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீலப் புள்ளி நாற்காலிகளை மட்டும் தனியாக எடுத்து, வால்நட் மரத்தடியில் கயிறு கட்டிப் பிரித்து வைத்தார்.

அவுரிகாவுக்குத் தலைக்கு மேல் வேலை. முட்டைக்கோஸ் இலையில் பொதிந்த கறி மட்டும் ஆறு பெரிய சட்டி. மாவு பிசையும்போதும் அடுப்பு ஊதும்போதும் ஒரே யோசனை. தானம் கொடுக்கிறவர் பந்தியின் தலைமாட்டில் உட்கார வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம். முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு அவள் சமைத்த மேஜையில் மாமா உட்காரப்போகிறார். ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அன்று வெயில் இதமாக இருந்தது. பாதிரியார் ஜெபம் சொல்லி, சர்க்கரை போட்ட கோதுமைப் படையலுக்குத் திராட்சை ரசம் தெளித்தார். பிறகு வழக்கப்படி ஒவ்வொருவராகப் போகிறவரைப் பற்றிப் பேச வேண்டும். போகிறவர் எதிரிலேயே நிற்கிறார் என்பதுதான் சங்கடம்.

பிர்வு தொண்டையைச் செருமினார். "கூட்டுப்பண்ணைக் காலத்துல வாய்க்கா உடைஞ்சப்ப, நம்ம கிளிகோரு பம்பு வீட்டுல மூணு ராத்திரி கண்ணு மூடல."

"ரெண்டு ராத்திரி" என்றார் கிளிகோர். "மூணாவது ராத்திரி தூங்கிட்டேன். அப்பதான் நீ என் பூட்ஸைத் திருடினே."

"இரவல் வாங்கினேன்டா."

"நாப்பத்தஞ்சு வருஷமாவா?"

கூட்டம் குலுங்கியது. தூதோரா முந்திக்கொண்டாள். "எம்புருசன் படுக்கையில விழுந்த வருஷம், நான் கேக்காமலே என் நிலத்தை உழுது குடுத்தாரு இந்த மனுசன்."

"கேட்டே. நாலு தடவை கேட்டே. மறந்துட்டே."

பாராட்டு என்று வந்த எல்லாவற்றையும் அவர் கையில் வாங்காமல் தரையில் விழவிட்டார். அவுரிகா அகப்பையோடு ஓரமாக நின்று கேட்டாள். சடை பின்னியதையும் சூப்புத் தூக்கையும் தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வாய் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது.

தானம் நடந்தது. கட்டில், மேஜை, வாளி எல்லாம் பிர்வுவுக்கு. ஒவ்வொன்றிலும் மெழுகுவத்தி ஒட்டி, துண்டு கட்டி, கையில் தொட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொள்கிறவர் நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் பொருள் இங்கேயே தங்கிவிடும். "கடவுள் ஏத்துக்கட்டும்" என்றார் பிர்வு. நாற்காலியின் முறை வந்தபோது கிளிகோர் அதை இன்னொரு தடவை கவிழ்த்துப் பார்த்தார். பிறகுதான் கொடுத்தார்.

"சரி, உக்காருங்க கிளிகோர்" என்றார் பாதிரியார். தலைமாட்டு நாற்காலி காத்திருந்தது.

"நான் நின்னுக்கிறேன் சாமி. நீங்கள்லாம் உக்காருங்க."

"அது எப்படி? நீங்க உக்காந்தாத்தானே ஜனங்க உக்காரும்?"

"காலு நல்லாத்தான் இருக்கு."

நூற்றிருபது பேர் நாற்காலிகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சட்டிகளில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். கோஸ்தின் அப்பாவின் முழங்கையைத் தொட்டான், அவர் அசையவில்லை. அவுரிகாவுக்குக் காது மடலெல்லாம் கொதித்தது. முப்பத்தோரு வருஷமாக அடுப்படிக்குள் இருந்தது இன்று ஊர் நடுவில் வந்துவிட்டது. இனி எல்லாருக்கும் தெரியும். அகப்பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நடந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா." குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "இத்தனை வருஷம் கேக்காததை இப்பக் கேக்குறேன். நான் ஓடிவந்தவள்னுதானே என் மேஜையில உக்காரமாட்டேங்குறீங்க?"

கிளிகோர் அவளைத் திரும்பிப் பார்த்தார். யாரோ தன்னையே தட்டிப் பார்த்ததுபோல முழித்தார்.

"என்னம்மாடி சொல்றே?"

"நான் வந்த அன்னியிலேருந்துதானே நிக்கிறீங்க."

"ஐயோ" என்றார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அவள் காதோரம் குனிந்தார். "இலின்காவோட நாப்பதாம் நாள்ல, இதே மாதிரி இரவல் நாற்காலிங்க. அழுத கண்ணோட ஒண்ணை எடுத்து மெழுகுவத்தி ஒட்டிக் குடுத்துட்டேன். எல்லாரும் போனப்புறம்தான் தெரிஞ்சுது. அது நம்மளுது இல்ல, அடியில சிவப்புப் புள்ளி. தூதோராவுது. நம்மளுது இல்லாததைக் குடுத்தா அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அன்னிக்கு ராத்திரியே கனவுல வந்துட்டா. தட்டைக் கையில வச்சுகிட்டு நிக்கிறா."

"அப்புறம்தான் வருஷத்துக்கு ஒண்ணு குடுத்தீங்களே மாமா."

"குடுத்தேனே. முப்பத்தொண்ணு குடுத்தேன். இன்னும் நின்னுகிட்டேதான் வர்றா. அவ அங்க நின்னு தின்னுகிட்டிருக்கும்போது நான் எப்படிம்மா இங்க உக்காந்து திங்கிறது?"

அவுரிகாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. எந்தத் தீர்ப்பை நினைத்து இத்தனை வருஷம் நெஞ்சைப் புண்ணாக்கிக்கொண்டாளோ, அது அவளைப் பற்றியதே இல்லை. பாவம், ஒரு மனிதர் பெண்டாட்டிக்குத் துணையாக நின்றிருக்கிறார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலைமாட்டு நாற்காலியைப் பார்த்தாள். அப்போதுதான் அது தோன்றியது.

"மாமா, நான் எங்க சாப்பிடுறேன்?"

"அடுப்போரமா."

"உக்காந்தா, நின்னா?"

அவர் யோசித்தார். "நின்னுகிட்டு."

"ஏன்? வீட்டுல நாற்காலி இல்லாமலா? நீங்க நிக்கிறப்ப நான் எப்படி உக்காருவேன்? நேத்து வந்த எனக்கே அப்படின்னா அத்தைக்கு எப்படி இருக்கும்? முப்பத்தொரு நாற்காலியைச் சுத்திப் போட்டுகிட்டு, நீங்க எப்ப உக்காருவீங்கன்னுதான் தட்டோட நிக்கிறாங்க."

கிளிகோர் வால்நட் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னடா ரகசியம், எங்களுக்குப் பசிக்குது" என்று பிர்வு குரல் கொடுத்தார்.

கிழவர் தலைமாட்டு நாற்காலியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அதன் முதுகைப் பிடித்து, முழங்கால் இரண்டும் முனக, மெதுவாக உட்கார்ந்தார். நூற்றிருபது நாற்காலிகள் ஒரே நேரத்தில் மணலில் இழுபட்டன. கரண்டிச் சத்தம் கிளம்பியது. கோஸ்தின் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவுரிகா கண்ணைத் துடைக்க நேரமில்லாமல் சட்டிகளின் பக்கம் திரும்பினாள்.

"அம்மாடி, எங்க போறே?"

அவர் கை நீட்டிக் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நாற்காலியை இழுத்தார். கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார். நீலப் புள்ளி இருந்தது. அதை நிமிர்த்தித் தன் பக்கத்தில் போட்டு, உட்காரும் இடத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.